கைப்பிடியின் உள்பக்கம்

அமுதா,

டாக்டர் காரியத்துக்கு நீ வராதது சரிதான். இதைத்தான் முதல் வரியாக எழுதச் சொன்னேன். இங்கே பட்டினப்பாக்கத்தில் ஆளுக்கொரு பேச்சு பேசுகிறார்கள். "கைய புடிச்சி சொல்லிக் குடுத்த மனுசன். ஒரு மால போட மதுரையிலேர்ந்து வரக்கூடாதா உம் பொண்ணு?" என்று உன் அத்தை நாலு பேர் நடுவில் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். அதை இன்றைக்கு விட்டுவிடலாம் என்றுதான் கீழ் வீட்டு நூர்ஜஹான் டீச்சரை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போன் என்றால் நீ "சாப்டியா நைனா" என்பாய், நான் "ஆச்சும்மா" என்பேன், அதோடு முடிந்துவிடும். நான் சொல்வதை அழகுபடுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால் நான் டாக்டரிடம் சேர்ந்தேன். லஸ் பக்கத்தில் அவருடைய பல் கிளினிக் இருந்தது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். தோள்பட்டை ஒருமுறை விலகி, துடுப்பு வலிக்க முடியாமல் போனதால் கரையில் வேலை தேடினேன். கூட்டிப் பெருக்கத்தான் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதத்தில் பல்செட்டுக்குப் பாலிஷ் போடும் வேலையைக் கொடுத்தார். சாம்பல் மாதிரி நறநறவென்று ஒரு தூள் இருக்கும், பியூமிஸ் என்பார்கள். அதை ஈரமாகக் குழைத்து, சுற்றுகிற துணிச் சக்கரத்தில் பல்செட்டைக் காட்டித் தேய்க்க வேண்டும். மெஷின் ஓடாத நாளில் துணியில் தொட்டு விரலாலேயே வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். முதல் நாளே டாக்டர் சொன்னார்: "வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கணும். உள்பக்கத்தை மட்டும் தொடாதே. ஈறு உக்கார்ற இடம் அது. அங்க ஒரு இழை தேஞ்சாலும் செட்டு வாயில நிக்காது." எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அது ஒன்றுதான் பாடம். இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பாடத்தில் நான் தவறியதே இல்லை. அவருக்கு என் பெயர் மறந்தே போய்விட்டது. "டேய் பாலிஷ்" என்றுதான் கூப்பிடுவார்.

கொஞ்ச நாளில் அபிராமபுரம் வீட்டு மாடி அறையும் என் பொறுப்பில் வந்தது. அந்த அறையை நீ அறிவாய். ஆனால் உன் பையன் கதிர் பெரியவனாகி இதைப் படித்தால் அவனுக்கும் புரிய வேண்டும் என்பதால் சொல்கிறேன். டாக்டர் இளவயதில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு வெளிநாடு வரை போனவர். மனிதனையோ மிருகத்தையோ சுடுகிற துப்பாக்கி இல்லை அவரிடம் இருந்தவை. காகித வட்டத்தின் நடுப்புள்ளியைச் சுடுவதற்கென்றே செய்த கைத்துப்பாக்கிகள். அதிலும் கடையில் விற்பது அவருக்கு வேண்டாம். கம்பெனிக்காரன் வெள்ளோட்டம் பார்க்க ஒன்றோ இரண்டோ செய்து, சரிப்படாது என்று மூலையில் போட்டிருப்பானே, அது வேண்டும். எங்கேயோ ஒரு ஆட்டக்காரருடைய கைக்கு மட்டும் அளவெடுத்துச் செய்து, அவர் செத்த பிறகு யாருக்கும் பொருந்தாமல் கிடக்குமே, அது வேண்டும். அப்படி ஏழு சேர்த்தார், எல்லாம் லைசென்ஸோடு. லைசென்ஸில் உதவியாள் என்று என் பெயரையும் ஏற்றினார். கைநாட்டு வைத்துவிட்டு வந்த அன்றைக்கு உன் அம்மாவிடம் பெரிய மனிதன் மாதிரிச் சொல்லிக்கொண்டேன்.

அவற்றின் வெளிநாட்டுப் பெயர்கள் என் வாயில் நுழையாது. நானே பெயர் வைத்துக்கொண்டேன். குழல் நீண்டது கொக்கு. விசையை இழுப்பதே விரலுக்குத் தெரியாமல் பேட்டரியில் வெடிப்பது ஊமை. குழல் கைக்கு மேலே இல்லாமல் கீழே, சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் போவது தலைகீழ். டாக்டருக்கு உயிர் அந்தத் தலைகீழ்தான். "உலகத்துல மூணே மூணு பண்ணினான். ஒண்ணு அவன் பட்டறையிலேயே உடைஞ்சு போச்சு. ஒண்ணு எங்க இருக்குன்னே தெரியாது. மூணாவது அபிராமபுரத்துல, நம்ம ஆத்து மாடியில இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தேர்தல் வந்தால் ஏழு துப்பாக்கியையும் பெட்டியில் போட்டு ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், தெரியுமல்லவா. நானும் அவரும் காரில் கொண்டுபோவோம். ஒரு தடவை ஏட்டு ஒருவர் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், எலெக்சன்ல நிக்கிறவன் கூட இவ்ளோ வெச்சிருக்க மாட்டானே" என்றார். தலைகீழைத் திறந்ததும், "இது இன்னாய்யா குழாய் கீழ கீது? குடிச்சிட்டு செஞ்சிட்டானா?" என்றார். டாக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. துப்பாக்கி திரும்பி வந்த பிறகுதான் அவர் முகத்தில் ரத்தம் வந்தது.

இதில் எனக்கென்று ஒரு பெருமை இருந்தது. விருந்தாளிகள் வந்தால் டாக்டர் தன் கைக்குட்டையால் என் கண்ணைக் கட்டுவார். ஒவ்வொன்றாக என் கையில் வைப்பார். மரப்பிடியைத் தொட்ட மாத்திரத்தில் நான் சொல்லிவிடுவேன். "பார்த்தேளா, எழுத்து தெரியாதவன்! இவன் விரல்தான் படிக்கறது" என்று சொல்லி என் முதுகில் தட்டுவார். டாக்டர்களும் வக்கீல்களும் கைதட்டுவார்கள். அமுதா, கடற்கரையில் பிறந்த ஒருவனுக்கு அந்த மாதிரி மனிதர்கள் கைதட்டுவது என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பார். அந்தக் கைதட்டலை நான் எவ்வளவு பெரிதாக வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரிந்தால்தான், பின்னால் நான் செய்தது உனக்குப் புரியும். மன்னிக்கச் சொல்லவில்லை. புரிந்தால் போதும்.

நீ அந்த வீட்டுக்குள் வந்தது எனக்குச் சோறு கொண்டுவந்த ஒரு சனிக்கிழமை. பதினேழு வயது. டாக்டர் குண்டு போடாத வெறும் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, குழல் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, விசையை இழு, காசு விழக்கூடாது என்றார். அவருடைய சிஷ்யப் பிள்ளைகள் பத்து பேருக்குக் காசு விழுந்திருந்தது. நீ இழுத்தாய். இழுத்துவிட்டுக் கொட்டாவி வேறு விட்டாய். காசு அப்படியே இருந்தது. "மறுபடி" என்றார். இருபது தடவை. கடைசியில் நீ, "டாக்டர், காசு எனக்கா ஒனக்கா, அத மொதல்ல சொல்லு" என்றாய். அந்த வீட்டில் அவரை யாரும் 'நீ' என்று பேசியதில்லை. எனக்கு வியர்த்துவிட்டது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

பிறகு தன் துப்பாக்கி ஒன்றுக்கு உன் கைக்கென்று ஒரு பிடி செய்தாரே, அந்த மூன்று வாரத்தை நான் இன்றைக்கும் ஒவ்வொரு நாளாகச் சொல்வேன். பல்லுக்கு அச்செடுக்கும் ரோஸ் நிறப் பசையைக் கிண்ணத்தில் கலக்கி உன்னைப் பிடிக்கச் சொன்னார். "இன்னா டாக்டர், என் கைக்குப் பல்லு கட்டப் போறியா?" என்று கேட்டாய். அச்சிலிருந்து உன் கை பிளாஸ்டரில் வெள்ளையாக எழுந்து வந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஈட்டி மரத்தைப் பல் குடைகிற மெஷினாலேயே செதுக்கினார். பல்லில் எங்கே இடிக்கிறது என்று பார்க்க ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார் அல்லவா, அதே தாளை உன் உள்ளங்கைக்கும் மரத்துக்கும் நடுவில் வைத்தார். எங்கே மரம் உறுத்துகிறதோ அங்கே நீலம் ஒட்டும். "நானே தேய்க்க மாட்டேன். உன் கை, நீ தேய்" என்று உப்புத்தாளை உன்னிடம் கொடுத்தார். நீ நீலத்தை மட்டும் தேய்த்து எடுப்பாய், மறுபடி பிடிப்பாய், மறுபடி நீலம் வரும். அன்றிலிருந்து உன் பையில் உப்புத்தாளும் சின்ன ஸ்க்ரூடிரைவரும் எப்போதும் இருந்தன. மூன்றாவது வாரம் நீலம் ஒட்டவேயில்லை. அவர் துப்பாக்கியை உன் கையில் பூட்டிவிட்ட மாதிரி இருந்தது. அந்த வருடம் நீ மாநிலத்தில் முதலாவதாக வந்தாய். அடுத்த வருடமும். உன் அம்மா மந்தைவெளியில் மீன் கூடைக்குப் பின்னால் உன் மெடலை மாட்டி வைத்திருந்தாள். "இன்னாக்கா, வஞ்சிரத்துக்கு மெடலா?" என்று கேட்பவர்களுக்கு, "வஞ்சிரத்துக்கு இல்லடி, வவுத்துல பொறந்ததுக்கு" என்பாள்.

உனக்கு இருபது வயதில் டெல்லியில் தேர்வுப் போட்டி வந்தது. அதில் தேறினால் இந்தியாவுக்காகச் சுடலாம். அதற்கு ஒரு மாதம் இருந்தபோது, தலைகீழைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு கிழவர் வருவதாக டாக்டர் சொன்னார். அவரும் இந்த மாதிரித் துப்பாக்கி சேர்ப்பவராம். காணாமல் போன அந்த இன்னொன்றை அவர்தான் கண்டுபிடித்து வைத்திருந்தாராம். இரண்டும் ஒரே கை செய்ததுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வருகிறார். எப்படி ஒப்பிடுவார் என்று நான் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் அந்தத் துப்பாக்கி வந்த நாளிலிருந்தே சொல்லியிருந்தார்: "எதை வேணா துடை. தலைகீழோட பிடி ஸ்க்ரூவை மட்டும் தொடாதே." அந்தப் பிடி எங்கேயோ ஒரு பொம்பளைக்காகச் செய்தது, சின்னது. டாக்டர் கைக்குச் சேராது. உன் கைக்கு ஏறக்குறைய சேர்ந்தது. நீ அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாய். "அதுமேல உனக்கு ஒரு கண்ணு" என்று டாக்டர் கேலி செய்வார்.

கிழவர் வருவதற்கு முதல் நாள் மத்தியானம். மழைக்காலம். நம் ஊர்க் காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டே வந்தேன். தலைகீழை எடுத்தால், மரப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. துரு. உள்ளே இருந்து வருகிறது. டாக்டர் கிளினிக்கில். நாளைக்கு வெள்ளைக்காரர் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? 'இவன்தான் பார்த்துக்கறான்' என்று டாக்டர் என் முதுகில் தட்டுகிறபோது அவர் துருவைக் காட்டினால்? ஸ்க்ரூவைக் கழற்றினேன். இரும்பில் இருந்த துருவை எண்ணெய்த் துணியால் எடுத்தேன். சரியாகத்தான் செய்தேன். அதோடு மூடியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மரத்தின் உள்பக்கத்தைத் திருப்பினேன். துருக்கறை. அதோடு சாம்பல் நிறத்தில் கிறுக்கல் மாதிரி, இழுத்துவிட்ட மாதிரி மங்கலான கோடுகள், நாலைந்து. எண்ணெய் அழுக்கு இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். பியூமிஸ் தூளைத் துணியில் தொட்டு, வட்டம் வட்டமாக, பாப்பா முகத்தைத் துடைக்கிற மாதிரி பதமாகத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் மரம் புதிதாக வந்துவிட்டது. உள்பக்கத்தைத் தொடாதே என்று இருபது வருடம் கேட்ட கை அமுதா, அன்றைக்கு அதைத்தான் தொட்டது. மூடிவிட்டு, திருப்தியாக டீ குடித்தேன்.

மறுநாள் பத்து மணிக்குக் கிழவர் வந்தார். நீயும் இருந்தாய். டாக்டர்தான் உன்னை வரச் சொல்லியிருந்தார், உன்னைச் சுடச் சொல்லிக் காட்ட. கிழவர் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அந்த இன்னொரு துப்பாக்கியின் பிடி, உள்பக்கம். சாம்பல் நிறத்தில் நாலைந்து கோடுகள். செய்தவன் தன் கையால் பென்சிலில் எழுதி, நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்டிருக்கிறான். இரும்பில் எந்த முத்திரையும் இல்லாத அந்தத் துப்பாக்கிக்கு அந்தப் பென்சில் எழுத்து ஒன்றுதான் அடையாளம். போட்டோவைப் பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. டாக்டர் ஸ்க்ரூவைக் கழற்றுகிற வரைக்கும், அந்த ஒரு நிமிடம் முழுக்க, எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை.

டாக்டர் பிடியைத் திருப்பினார். வெறும் மரம். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். விரலால் தடவினார். கிழவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் திரும்பி உன் பையைப் பார்த்தார். உப்புத்தாள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"தேய்ச்சியா?"

"இல்ல டாக்டர்."

"உன் கைக்கு ஏத்த மாதிரி பண்ணிப் பார்த்தியா? அதுமேல உனக்கு ஒரு கண்ணுன்னு எனக்குத் தெரியும். தேய்ச்சியா இல்லையா?"

"நான் தொடல டாக்டர்."

"நீ தொடலேன்னா வேற யாரு? பேயா வந்து தேய்ச்சது?"

அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். என் விரல் நகத்தில் பியூமிஸ் தூள் இருந்ததோ என்னவோ. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். சிவப்புத் தரை, நடுவில் கறுப்புப் பூ போட்டிருக்கும். அந்தப் பூவுக்கு எட்டு இதழ்.

"போ. இனிமே இந்தப் படி ஏறாதே" என்றார் டாக்டர். நீ உன் துப்பாக்கியை மேஜையில் வைத்தாய். அது அவர் லைசென்ஸில் இருந்தது, அவர் தந்தால்தான் நீ டெல்லி போக முடியும். படி இறங்கினாய். செருப்புச் சத்தம் வாசல் கேட்டில் போய் நின்றது. கொஞ்ச நேரம் நின்றது. நான் வருவேன் என்று நின்றாயா? அன்றைக்கு அந்த வெள்ளைக்காரக் கிழவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது பாதிதான். வேலை போனால் கடற்கரையில் வலை பின்னியாவது பிழைத்திருப்பேன். எனக்குப் பயம் வேறு. எழுத்துக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று அந்த அறையில், அந்த மனிதர்கள் முன்னால் தெரிந்துவிடும். கண்ணைக் கட்டிவிட்டு இனி யாரும் கைதட்ட மாட்டார்கள். அதைக் காப்பாற்றிக்கொள்ள உன்னை விட்டேன். டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இத அப்படியே எழுதவா?" என்று கேட்கிறார். அப்படியே எழுதுங்கம்மா.

உன் அம்மா விடவில்லை. "போய் சொல்லிடுய்யா. டெல்லிக்கு இன்னும் நாள் கீது" என்றாள். மறுநாளும் சொன்னாள். "நீ சொல்றியா, நான் மீன் கூடையோட போய் சொல்லட்டுமா?" என்றாள். நான் அவள் காலைப் பிடித்தேன். நான் அவள் காலைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான். பிடித்ததும் இதற்காகத்தான். அவள் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரில் உட்கார்வதை விட்டுவிட்டாள். டெல்லிப் போட்டி நடந்த அன்றைக்கு நீ பீச்சில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். உன் வலது கை மணலில் எதையோ பிடித்த மாதிரி மடங்கியே இருந்தது. நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அதன்பின் நீ துப்பாக்கியைத் தொடவில்லை. வேலை, கல்யாணம், மதுரை. அம்மா போன அன்றைக்கு, அவளைத் தூக்குவதற்கு முன்னால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாய்: "நைனா, அம்மாவுக்குத் தெரியுமா?" நான், "இன்னா தெரியுமா?" என்றேன். நீ, "ஒண்ணுல்ல" என்றாய். அப்போதுதான் உனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பெற்றவளைத் தூக்குகிற நேரத்தில் கூட நீ எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்தாய். நான் நுழையவில்லை. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்: தெரியும். உன் பக்கம்தான் நின்றாள். நான்தான் அவளைத் தடுத்தேன்.

டாக்டருக்கு நோய் முற்றி அடையாறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான்தான் கூட இருந்தேன். அவர் வீட்டு மாமி முன்னமே இறந்துவிட்டார். மகன் அமெரிக்காவில். ஒருநாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நல்ல நினைவோடு இருந்தார். "டாக்டர், தலைகீழ் பிடிய தேச்சது நான்தான். அமுதா இல்ல" என்றேன். பதினெட்டு வருடம் தூக்கிச் சுமந்தது, சொல்ல ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை. அவர் கஞ்சியை விழுங்கினார்.

"தெரியும்டா பாலிஷ்."

"எப்போ தெரியும்?"

"மறுநாளே. லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். உப்புத்தாள்னா கோடு நேரா இருக்கும். இது வட்டம் வட்டமா இருந்தது. பல்செட் தேய்க்கற கை. எனக்குத் தெரியாதா உன் கையை?"

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "அப்போ ஏன் டாக்டர் அவள கூப்புடல? டெல்லிக்கு மூணு வாரம் இருந்துச்சே."

"அவளைக் கூப்பிட்டா உன்னை வெளில அனுப்பணும். பொண்ணு எப்படியும் ஒருநாள் போறவதானேன்னு நினைச்சேன். நீ போனா எனக்கு யாரு இருக்கா?" என்றார். அப்புறம், "தப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அவர் வாயைத் துடைத்துவிட்டேன். கிண்ணத்தைக் கழுவினேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. என்னைவிட அவர் ஒருநாள் பிந்தித் தெரிந்துகொண்டு அதே வேலையைச் செய்தார், அவ்வளவுதானே. இரண்டு ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் விட்டுவிடக் கூடாது என்று, நடுவில் நின்ற உன்னை விட்டுவிட்டோம். ஆஸ்பத்திரி வாசலில் வெகுநேரம் நின்றேன். எந்த பஸ்ஸில் ஏறுவது என்று எனக்கு மறந்துவிட்டது.

இப்போது அந்த அறை காலி. அமெரிக்காவிலிருந்து மகன், எனக்கு இது எதுவும் வேண்டாம், சட்டப்படி ஒப்படைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். போன வாரம் மவுண்ட் ரோட்டுத் துப்பாக்கிக் கடைக்காரர் போலீஸ் காகிதத்தோடு வந்தார். கொக்கு, ஊமை என்று ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டார். தலைகீழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வித்தியாசமா கீதே. இது இன்னான்னு சொல்ல ஏதாவது எழுத்து, குறிப்பு இருக்கா பெரியவரே?" என்றார். அதே சிவப்புத் தரை. அதே எட்டு இதழ்ப் பூ. ஸ்டேஷனிலிருந்து வந்த இரண்டு போலீஸ்காரர்கள், காவல்கார நேபாளி, டாக்டரின் தம்பி மகன், எல்லோரும் நின்றார்கள்.

"இருந்துச்சு" என்றேன். "பென்சில்ல இருந்துச்சு. எனக்கு எழுத்து தெரியாது. கறைன்னு நெனச்சி நான்தான் தேச்சி அழிச்சேன். எம் பொண்ணு மேல பழி வந்துச்சு. அவ தொடல."

கடைக்காரர் "சரி, வுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். அவ்வளவுதான் நடந்தது. பூமி பிளக்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. இதற்குத்தானா இத்தனை வருடம் பயந்தேன் என்று தோன்றியது. காகிதத்தில் 'பழைய பிஸ்டல்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். உலகத்தில் மூன்றே மூன்று என்பது இனி யாருக்கும் தெரியாது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் ஒன்று. போன பொங்கலுக்கு வந்தபோது கதிர் பந்தடித்து டீச்சர் வீட்டுப் பூந்தொட்டி உடைந்ததே. "யார்டா அது?" என்று டீச்சர் வெளியே வந்தார். அவன் உன்னைப் பார்த்தான். நீ சட்டியில் கரண்டியைப் போட்டுவிட்டு இறங்கிப்போய் அவன் பக்கத்தில் நின்று, "எம் புள்ளதான் டீச்சர். ரெண்டு பேரும் சேந்து ஒட்டித் தரோம்" என்றாய். நான் மாடியிலிருந்து பார்த்தேன். யாரும் சொல்லித்தராமல் உனக்கு அது தெரிந்திருந்தது. பிள்ளை நம்மைப் பார்க்கிறபோது தரையைப் பார்க்கக் கூடாது. என் வயதில் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது? நீ முப்பத்தெட்டில் செய்கிறாய். அப்படியே செய்துகொண்டிரு.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணிப்பொட்டலம் வரும். கஞ்சி ஊட்டிய அன்றைக்கு மத்தியானம் டாக்டர் அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்து, அபிராமபுரத்தில் போய் எடுக்கச் சொன்னது. உன் ஈட்டி மரப் பிடி. நீ படியிறங்கிய பிறகு துப்பாக்கியிலிருந்து கழற்றித் தனியாக வைத்திருந்திருக்கிறார். வெறும் மரம்தான், லைசென்ஸ் ஒன்றும் வேண்டாம். "அவளோடது. வேற எந்தக் கைக்கும் சேராது" என்றார். அவர் அதை உனக்கு அனுப்பச் சொல்லவில்லை. நானாகத்தான் அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் கடலில் போட்டுவிடு.

வெளிப்பக்கத்தில் உன் கட்டைவிரல் உட்காரும் இடம் வியர்வையில் கறுத்திருக்கிறது. பார்த்ததும் என் கை துணியைத் தேடியது. துடைக்கவில்லை. உள்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதியிருக்கிறது. டாக்டர் எப்போது எழுதினாரோ. இந்தத் தடவை எழுத்து என்று தெரிந்துகொண்டேன். டீச்சர், "படிச்சிச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது உனக்கு. பொட்டலத்தைக் கட்டும்போதுகூட ஓரத்தை மட்டும்தான் பிடித்தேன். அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை அமுதா.

கீழே இருப்பது என் கட்டைவிரல்.

நைனா